வராதவள் பங்கு

வெளிநாட்டு மாணவி ஒருத்தி மூன்று மாதப் பயிற்சிக்கு எங்கள் மையத்துக்கு வரப்போகிறாள் என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏற்கெனவே முப்பது பிள்ளைகளைக் கட்டி மேய்த்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்தொன்றாவதாக ஒன்று, அதுவும் காரம் தின்னாத பிள்ளை, எனக்கு எதற்கு என்று வீட்டில் புலம்பினேன். துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் கணவர், "மாடி ரூம் சும்மாதானே கெடக்கு, இங்கனயே தங்கிட்டுப் போட்டும்" என்று சொல்லி, அந்தப் பொறுப்பையும் என் தலையிலேயே கட்டிவிட்டார்.

நான் வேலை பார்ப்பது குழந்தைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில். தருவைகுளத்தில், முன்பு வலைகளைப் போட்டுவைத்திருந்த ஒரு தகரக் கொட்டகைதான் எங்கள் மாலை நேர மையம். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வருவார்கள். வாசிப்பு, கணக்கு, விளையாட்டு, நடுவில் ஆளுக்கொரு தம்ளர் சுண்டல். இருட்டுவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். நான்தான் பொறுப்பாளர். வீடு முத்தையாபுரத்தில். ஊருக்குத் தெற்கே இருந்து ஊருக்கு வடக்கே போக தினமும் இரண்டு பஸ், திரும்பி வர இரண்டு பஸ்.

பிறந்து வளர்ந்தது நாசரேத் பக்கம். அம்மா அப்பா இரண்டு பேருமே ஆசிரியர்கள். எங்கள் வீட்டில் கடல் என்பது ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்போடு சரி. ஆனால் தருவைகுளத்துக்கு ஒன்பது வருடமாகப் போய்வந்ததில் எனக்கு ஒரு மிதப்பு ஏற்பட்டிருந்தது. அந்த ஊரைப் பற்றி யார் எது கேட்டாலும் முழுவதும் கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். அந்த மிதப்பைப் பத்து வயதுப் பிள்ளை ஒருத்தி இறக்கி வைத்தாள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பயிற்சிக்கு வந்தவள் நெதர்லாந்துக்காரி. இருபத்திரண்டு வயது. நல்ல உயரம். எங்கள் மாடிப்படியில் தலை இடிக்காமல் அவள் ஏற ஒரு வாரம் ஆனது. வெயிலில் மூக்கு மட்டும் தனியாகச் சிவந்து உரிந்துகொண்டிருக்கும். முதல் நாள் பரோட்டா சால்னாவைக் கண்ணீர் வடிய வடியச் சாப்பிட்டுவிட்டு, "நன்றாக இருக்கிறது" என்று சொன்னாள். பொய் சொல்லத் தெரியாத முகத்தோடு பொய் சொன்னதால் எனக்கு அவளைக் கொஞ்சம் பிடித்துப்போனது. எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூனைக் கண்ணில் காட்டிய பிறகு அவளுக்கும் எங்கள் ஊரைப் பிடித்துப்போனது. பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டே தமிழ் பேசப் பழகினாள். அதனால் அவள் வாயில் வந்த முதல் தமிழே "இங்கன வா", "என்னத்துக்கு" என்றுதான் இருந்தது. என் கணவருக்கு அதைக் கேட்க அவ்வளவு சந்தோஷம். மாடியிலிருந்து அவளைச் சும்மாவாவது கூப்பிட்டுப் பேச வைப்பார்.

பிள்ளைகள் தங்களுக்குள் எப்படி நடந்துகொள்கிறார்கள், எதைப் பகிர்கிறார்கள், எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று பார்த்து எழுதி ஒரு அறிக்கை தருவதுதான் கல்லூரி அவளுக்குக் கொடுத்திருந்த வேலை. கூடவே ஒரு கட்டு விதிகளும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகளைப் படம் எடுக்கக்கூடாது, பிள்ளைகள் வீட்டுக்குள் போகக்கூடாது, பரிசு கொடுக்கக்கூடாது, வாங்கக்கூடாது. மடியில் உட்கார வைக்கக்கூடாது என்றும் ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்கு அது தெரியாததால் அந்த விதி மட்டும் இரண்டாம் நாளே போய்விட்டது. மற்றதையெல்லாம் அவள் நூல் பிசகாமல் கடைப்பிடித்தாள். நீல அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மூலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பாள்.

மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை, திரும்பி வரும் பஸ்ஸில் அந்த நோட்டை என் மடியில் விரித்து வைத்தாள். நான்கு நாள் குறிப்பு. கூடவே பென்சிலால் ஒரு படமும் வரைந்திருந்தாள். வாசல் பக்கம் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், அவள் முன்னால் ஒரு டப்பா, எதிரே வரிசையாகப் பிள்ளைகள்.

படத்தில் இருந்தது யார் என்று இரட்டைச் சடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறார், அம்மா கருவாடு காயப்போடும் இடத்தில் வேலை பார்க்கிறாள். பேச்சு குறைவு, பார்வை கறார். எங்களிடம் வந்தபோது எழுத்துக்கூட்டக்கூட வராது. இப்போது ஒரு கதைப் புத்தகத்தைத் தினமும் ஒரு பக்கமாக, சத்தம் போட்டு, தானாகவே வாசித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தின பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளம் வைப்பாள். வேறு யாரும் அந்தப் புத்தகத்தைத் தொட முடியாது.

குறிப்பில் இருந்தது இதுதான். தினமும் சுண்டல் கொடுத்ததும் பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்தச் சடைக்காரி முன்னால் போய், தங்கள் தம்ளரிலிருந்து ஒரு பிடி எடுத்து அவள் டப்பாவில் போடுகிறார்கள். குறைவாகப் போட்டால் அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். உடனே இன்னும் கொஞ்சம் போடுகிறார்கள். மூன்றாம் வகுப்புச் சின்னப்பிள்ளை ஒருத்தி வியாழக்கிழமை அவள் முன்னால் நின்று அழுதாள். டப்பாவை மூடிப் பைக்குள் வைத்து அவள் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள்.

"வசூல்" என்றேன் நான். என் மிதப்பு அங்கேயே தொடங்கிவிட்டது. பெரியவர்கள் சின்னவர்களை மிரட்டிப் பிடுங்குவது எல்லா ஊரிலும் உண்டு, இந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று இரண்டாவது பஸ் வந்து சேரும்வரை அவளுக்குப் பாடம் எடுத்தேன். ஏற்கெனவே தெரியும் என்று நான் சொன்னதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் இவள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தலையில் சிலேட்டால் ஒரு போடு போட்டிருக்கிறாள். அப்போது நானே ஒரு விதி போட்டேன். அடுத்த பிள்ளையைத் துன்புறுத்தினால் முதல் தடவை எச்சரிக்கை, இரண்டாம் தடவை இடம் கிடையாது. முப்பது இடம்தான், சேரக் காத்திருக்கும் பிள்ளைகள் நிறைய. எச்சரிக்கைத் தாளில் இவள் பெயர்தான் முதலில் ஏறியது.

மறுநாள் நான் அவளைக் கூப்பிட்டுக் கேட்கத்தான் செய்தேன். கேட்கவில்லை என்று சொல்லமுடியாது.

"ஏளா, என்ன டப்பா இது?"

"சுண்டல் டீச்சர்."

டப்பாவில் சுண்டல் இருப்பது எனக்கும்தான் தெரிகிறது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "யாருக்கு?" என்று கேட்டிருந்தால் அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. அவளும் கேட்காததற்குப் பதில் சொல்லுகிற பிள்ளை இல்லை.

நெதர்லாந்துக்காரி தயங்கினாள். "அவளிடம் இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாமா?" என்றாள். "பேசியாச்சு" என்றேன். அவள் பார்த்ததை அவள் கைப்பட ஒரு தாளில் எழுதச் சொல்லி, பிள்ளைகள் பார்க்கவே கீழே நான் கையெழுத்துப் போட்டு, படம் பிடித்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். பிறகு எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போதே சடைக்காரியை நிறுத்திச் சொன்னேன். இன்றைக்கோடு உனக்கு இடம் கிடையாது, திங்கட்கிழமையிலிருந்து வேறு பிள்ளை வரும்.

அவள் அழவில்லை. டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தாள். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, வாசல் மணலில் இறங்கி நடந்துபோனாள். அலமாரியில் அந்தக் கதைப் புத்தகம் இருந்தது. பஸ் டிக்கெட் பாதிக்கு மேல் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விதி என்றால் விதி என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

புதன்கிழமை தட்டாம்பயறு. இனித் தொல்லையில்லை, பிள்ளைகள் நிம்மதியாகத் தின்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் பதிவேட்டை விரித்தேன். மூலையிலிருந்து நெதர்லாந்துக்காரி "டீச்சர்" என்று கூப்பிட்ட குரலே சரியில்லை. நிமிர்ந்தால், வாசல் பக்கம் வேறு ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. அவள் முன்னால் ஒன்றல்ல, இரண்டு டப்பா.

வரிசை அதே வரிசைதான். ஒவ்வொரு பிள்ளையும் முதல் டப்பாவில் ஒரு பிடி, இரண்டாவது டப்பாவில் ஒரு பிடி போட்டுவிட்டு, மிச்சத்தைத் தின்னப் போனது. மிரட்ட அங்கே யாருமே இல்லை. மிரட்டினவள் என்று நான் விரட்டிவிட்டவள் வீட்டில் இருந்தாள்.

வரிசையில் கடைசியாக நின்ற அந்த மூன்றாம் வகுப்புச் சின்னப்பிள்ளையை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

"யாருக்குட்டி இது?"

"இது கால் ஒடஞ்ச அக்காக்கு. இது நீங்க போச்சொன்ன அக்காக்கு."

கால் உடைந்தவள் என்றதும் நினைவு வந்தது. எங்கள் முப்பதில் ஒருத்தி. கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தின் மேலிருந்து குதித்து விளையாடியதில் கால் உடைந்து, மாவுக்கட்டோடு மூன்று வாரமாக வீட்டில் படுத்திருக்கிறாள்.

"அவளுக்கு எதுக்கு நீங்க சுண்டல் குடுக்கிய?"

என்ன இது, இதுகூடத் தெரியாதா என்பது மாதிரி அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தது. "பங்கு டீச்சர். ஆளு சொகமில்லாமப் படுத்துட்டா கறிக்கு மீனு அவிய வீட்டுக்குப் போவும்லா? அதே மாதிரித்தான்."

மெல்ல மெல்லக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வள்ளம் கரைக்கு வந்து மீன் ஏலத்துக்குப் போகும் முன்னால், போனவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் குழம்புக்கு மீன் எடுத்துக்கொள்வார்கள். அது எனக்கும் தெரியும். சடைக்காரியின் அப்பா போகிற வள்ளத்தில் அதற்கு மேல் ஒரு வழக்கம் உண்டாம். கூட வேலை பார்க்கிறவர் காய்ச்சலில் படுத்துவிட்டால், அன்றைக்கு எவ்வளவு குறைவாக மீன் பட்டாலும், எல்லாரும் தங்கள் குழம்பு மீனிலிருந்து ஒன்றிரண்டைப் போட்டு அவர் வீட்டுக்கு ஒரு பை அனுப்பிவிடுவார்கள். எல்லா வள்ளத்திலும் அப்படிக் கிடையாது என்று பிறகு சொன்னார்கள். அவள் தன் வள்ளத்து வழக்கத்தை எங்கள் கொட்டகைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். ஏன் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

"எத்தன நாளைக்குக் குடுப்பிய?"

"எந்திரிச்சு வார வரைக்கும். இல்லன்னா வேற வள்ளத்துக்குப் போற வரைக்கும். அதுக்குப் பொறவு கெடையாது."

"அவளும் இவளும் அவ்வளவு கூட்டா?"

"இல்ல டீச்சர். அவங்க ரெண்டு பேரும் பேசவே மாட்டாங்க. டப்பாவ வாசல்ல வச்சிட்டு வந்துருவா." பிள்ளை கொஞ்சம் யோசித்தது. "பேசாட்டா என்ன? ஆளு ஆளுதானே."

கடைசியாக ஒன்று கேட்டேன். போன வியாழக்கிழமை அவள் முன்னால் நின்று ஏன் அழுதாய்?

"அன்னைக்கு மறந்து எல்லாத்தையும் தின்னுட்டேன் டீச்சர். போடதுக்கு ஒண்ணுமே இல்ல. அதான் அழுக வந்துட்டு."

பஸ்ஸில் உட்கார்ந்து இதையெல்லாம் நெதர்லாந்துக்காரிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டே போனது. அவள் தன் நீல நோட்டைத் திறந்து அந்த நான்கு நாள் குறிப்பைத் திரும்ப வாசித்தாள். எழுதியிருந்ததில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருந்தாள். நோட்டை மூடிவிட்டு, "கால் உடைந்த பிள்ளையை நாம் ஒரு தடவையாவது விசாரித்தோமா?" என்று கேட்டாள்.

நாங்கள் விசாரிக்கவில்லை. பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராகத் தினமும் 'வரவில்லை' என்று எழுதிக்கொண்டிருந்தோம். நான்தான் எழுதினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. உப்பளங்களைத் தாண்டி ஊருக்குள் நுழையும்வரை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். அனுப்பின தாள் தவறு, பிள்ளை மேல் குற்றம் இல்லை, விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டது நான். இந்த மூன்றையும் எழுத ஒரு மணி நேரம் ஆனது. கையெழுத்துப் போட ஒரு நொடிதான் ஆகியிருந்தது. மாடியில் அவளும் அவள் கல்லூரிக்கு எழுதிக்கொண்டிருந்தாள். தாளை ரத்து செய்துவிட்டோம் என்று மறுநாள் காலையிலேயே எனக்குப் பதில் வந்தது. காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று நினைத்து சடைக்காரியின் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"நான் அனுப்ப மாட்டேன்னா சொல்லுதேன்? அவல்லா வரமாட்டேங்கா" என்றாள் அம்மா. பின்னாலிருந்து காக்கா விரட்டுகிற சத்தம் கேட்டது. "வள்ளத்துலருந்து எறக்கி விட்டவிய வீட்டுக்கு வந்து கூப்பிட்டாத்தான் மறுபடி ஏறணுமாம். அவ அப்பனுக்கும் இதே ரோசந்தான். நீங்க ஆள அனுப்பாதிய டீச்சர், ஆள அனுப்புனா வரமாட்டா."

திங்கட்கிழமைக்குள் அவள் வந்தாக வேண்டும். இடம் காலியாகத் தெரிந்தால் காத்திருக்கும் பிள்ளையின் பெற்றோர் வந்து நிற்பார்கள். அவர்களுக்கும் நியாயம் உண்டு. எழுதினது நெதர்லாந்துக்காரி, இறக்கி விட்டது நான். இரண்டு பேருமே போகவேண்டும். ஆனால் இவளுக்கு விதி இருக்கிறதே, பிள்ளைகள் வீட்டுக்குள் போகக்கூடாது! கல்லூரியைக் கேட்டுப் பதில் வர நாளாகும். அவள் சொன்னாள்: "வீட்டுக்குள்தானே போகக்கூடாது? தெருவில் நிற்கலாம்."

சனிக்கிழமை பதினோரு மணி வெயிலில் போய்த் தெருவில் நின்றோம். அவள் உயரத்துக்கும் சிவந்த மூக்குக்கும், கோவில் திருவிழாவுக்கு வருகிற கூட்டம் மாதிரி ஒன்று கூடிவிட்டது. "டீச்சர், உள்ள வாங்க, ஏன் வெளிய நிக்கிய?" என்று சடைக்காரியின் அம்மா பதறினாள். "அக்கா உள்ள வரக்கூடாதாம், சட்டம்" என்று யாரோ ஒரு பிள்ளை எங்களுக்காக விளக்கம் சொன்னது. அம்மா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து தெருவிலேயே போட்டாள். யாரும் உட்காரவில்லை.

சடைக்காரி வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

நெதர்லாந்துக்காரி இரண்டு பஸ்ஸிலும் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னாள். "நான் தப்பா எழுதிட்டேன். தெரியாம எழுதிட்டேன். நீ வேலைக்கு வா."

மையத்துக்கு வா என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தேன். வேலைக்கு என்று மாற்றியது அவளாகவே செய்தது. தெரு சிரித்தது. பாத்திரம் தேய்த்த கை நின்றது. சடைக்காரி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள்.

"டீச்சரும் கையெழுத்துப் போட்டாவள்லா?"

ஒன்பது வருடத்தில் எத்தனையோ பிள்ளைகளை அதட்டியிருக்கிறேன். ஒரு பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் ஆசிரியர்கள் அப்படிக் கேட்கிற பழக்கமும் இல்லை. தெரு முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"போட்டேன்ம்மா" என்றேன். "கேக்காமப் போட்டுட்டேன். யாருக்குன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கணும். எம்மேலதான் தப்பு. திங்கக்கிழம வா."

அவள் கையில் இருந்த தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். இன்னொரு தட்டையும் கழுவினாள். பிறகு கேட்டாள்: "திங்கக்கிழம என்ன சுண்டல்?"

"கொண்டக்கடல."

"ம்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் திரும்பி நடக்கும்போது எனக்குக் காலே தரையில் பாவவில்லை. அவள் அம்மா பின்னாலேயே வந்து, காகிதத்தில் சுற்றின நெத்திலிக் கருவாட்டை என் பைக்குள் திணித்தாள். பரிசு வாங்கக்கூடாது என்ற விதி பயிற்சிக்கு வந்தவளுக்குத்தான், எனக்கில்லை.

திங்கட்கிழமை நான்கரைக்கு அவள் வந்தாள். நேரே அலமாரிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்து, பஸ் டிக்கெட் இருந்த பக்கத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து உரக்க வாசிக்க ஆரம்பித்தாள். நான் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராகக் குறித்தேன். ஐந்தே காலுக்கு டப்பா வந்தது. வரிசை நகர்ந்து முடிந்ததும் அவள் டப்பாவோடு எழுந்து நேராக எங்கள் இரண்டு பேர் முன்னாலும் வந்து நின்றாள்.

"நீங்களும் அக்காவும் இத்தன நாளு தின்னிய. ஒரு நாளும் போடல."

உண்மைதான். தினமும் ஆளுக்கொரு தம்ளர் சுண்டல் எங்களுக்கும் உண்டு. நான் ஒரு பிடி போட்டேன். நெதர்லாந்துக்காரி ஒரு பிடி போட்டாள். அவள் கை பெரியது, அது இரண்டு பிடிக்குச் சமம். சடைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை; ஆனால் டப்பாவை மூடினதில் ஒரு திருப்தி தெரிந்தது. அந்த வாரமே நான் கால் உடைந்த பிள்ளையைப் போய்ப் பார்த்தேன். அவளுக்கு என்னை விடச் சுண்டல் எப்போது வரும் என்பதில்தான் அக்கறை இருந்தது.

மாவுக்கட்டைப் பிரித்து அவள் நொண்டி நொண்டி வந்து சேர்ந்ததும் டப்பா நின்றுவிட்டது. அவளும் சடைக்காரியும் அப்போதும் பேசிக்கொள்ளவில்லை. நெதர்லாந்துக்காரி தன் அறிக்கையை எழுதி முடித்தாள். அதில் தான் செய்த தவற்றையே முதல் பக்கத்தில் வைத்திருந்தாள். மதிப்பெண் குறைந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "குறையட்டும், என்னத்துக்கு பயம்?" என்று தமிழில் சொன்னாள். என் கணவர் கைதட்டினார்.

கடைசி நாள் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள், அவள் அழுதாள், நான் அழவில்லை என்று சொல்லிக்கொண்டேன். எல்லாம் முடிகிற நேரத்தில் சடைக்காரி என்னிடம் வந்தாள். கையில் அந்த டப்பா.

"அக்காக்கு அங்க போனதும் வேலை உண்டா டீச்சர்?"

நான் கேட்டுச் சொன்னேன். இன்னும் இல்லை, பரீட்சை எழுதவேண்டும், அதன் பிறகுதான் வேலை தேடவேண்டும்.

"அப்பப் பங்கு உண்டு" என்றாள் அவள்.

தூரதேசத்துக்கு எப்படிக் கொண்டுபோவது என்று மற்ற பிள்ளைகள் குழம்பினார்கள். அவள் குழம்பவில்லை. "பங்கு வீட்டுக்குத்தானே போகணும்? அக்கா வீடு டீச்சர் வீட்டு மாடிதானே." முடிந்தது தீர்ப்பு. மறுநாளிலிருந்து தினமும் மாலையில், நான் கிளம்பும்போது, ஒரு டப்பா என் கைக்கு வரும். மறுநாள் கழுவிக் கொண்டுவரவேண்டும்.

வீடு வரை அதைக் கொண்டுபோவேன் என்றுதான் முதல் நாள் நினைத்தேன். இரண்டாவது பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது, பசியும் இருந்தது. அப்படியே பழகிவிட்டது. தினமும் ஆறே முக்காலுக்கு, துறைமுகம் பக்கம் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும்போது, முப்பது பிள்ளைகள் கை பட்ட சுண்டலைத் தின்றுகொண்டு வீட்டுக்குப் போவேன். ஒரே தேங்காய், ஒரே வரமிளகாய்தான். ஆனாலும் என் தம்ளரில் வருவதைவிட அது ருசியாக இருந்தது. நாள் முழுக்க என்ன எரிச்சல் இருந்தாலும் அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். சில நாள் டப்பாவைப் படம் எடுத்து நெதர்லாந்துக்காரிக்கு அனுப்புவேன். "என் பங்கைத் தின்கிறீர்கள்" என்று பதில் போடுவாள்.

ஐந்து மாதம் அப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை அவளிடமிருந்து செய்தி வந்தது. அவள் ஊரிலேயே, பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்து, அன்றைக்குத்தான் சேர்ந்திருந்தாள். அறிக்கையின் முதல் பக்கத்தைப் பற்றி மட்டுமே நேர்முகத்தில் அரை மணி நேரம் கேட்டார்களாம். பிள்ளைகளிடம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். வாசித்துவிட்டு நடுத்தெருவில் நின்று சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம். போனதும் பிள்ளைகளிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

சொல்லவில்லை. மாலையில் டப்பாவைக் கையில் வாங்கும்போது, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. செவ்வாய்க்கிழமை மழை வருகிற மாதிரி இருந்தது, அவசரம். புதன்கிழமை தட்டாம்பயறு, எனக்குப் பிடித்தது. இப்படியே சனிக்கிழமை வரை போய்விட்டது. அடுத்த திங்கட்கிழமை, இதற்கு மேல் மனசு கேட்காமல், எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். பிள்ளைகள் கத்தின கத்தலில் தகரம் அதிர்ந்தது. சடைக்காரி மட்டும் கத்தவில்லை. உதட்டோரம் லேசாகச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"சந்தோசம் டீச்சர். வேற வள்ளம் ஏறிட்டாவ. இனி கெடையாது."

"ஆமாம்மா" என்றேன்.

"எப்பச் சேந்தாவ?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்தக் கண்ணுக்கு முன்னால் வரவில்லை. "போன திங்கக்கிழம."

அவள் விரலை மடக்கினாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. மடக்கின ஆறு விரலையும் விரித்து என் முன்னால் நீட்டினாள்.

"அப்ப ஆறு நாளு சும்மா தின்னுருக்கிய."

வந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அன்றைக்கு அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்தது அந்த மூன்றாம் வகுப்புச் சின்னப்பிள்ளையின் அண்ணன். அவனும் எங்கள் பிள்ளைதான், அவனுக்கும் டப்பா போய்க்கொண்டிருந்தது. ஐந்தே காலுக்கு டப்பா என் முன்னால் வந்து நின்றது. ஒரு பிடி எடுத்துப் போட்டேன். டப்பா நகரவில்லை. தம்ளரோடு கவிழ்த்தேன். அதன் பிறகுதான் நகர்ந்தது.

ஆறு நாளும் அப்படித்தான். ஏழாம் நாள் டப்பா என் முன்னால் வந்தபோது நான் பழக்கத்தில் தம்ளரைக் கவிழ்க்கப் போனேன். அவள் கையை வைத்துத் தடுத்தாள்.

"ஒரு பிடி போதும் டீச்சர். மிச்சத்த நீங்க தின்னுங்க."